நலமாக இருந்த பதினாறு கசிவுகள்

காலை ஏழு மணிக்கு ஒரு மனிதர் நடைபாதையில் குனிந்து, நீளக் கோல் ஒன்றைத் தரையில் தடவிக்கொண்டே போனால், புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ஒன்று தோடு தொலைந்திருக்க வேண்டும், அல்லது புத்தி. எங்கள் தெருவில் யாரும் அப்படி நினைத்ததில்லை. "மோப்பம் போறார், மணி ஏழு" என்று சொல்லிக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள்தான் உண்டு.

மோப்பம் என்பது பட்டப்பெயர். பதவிப் பெயர் கொஞ்சம் கனமானது: வாயு நிறுவனத்தின் கசிவு ஆய்வாளர், முதல் நிலை. இரண்டாம் நிலை என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கோலின் நுனியில் ஒரு கிண்ணம், இடுப்பில் ஒரு பெட்டி. கிண்ணம் தரைக் காற்றை உறிஞ்சும், பெட்டி அதில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று எண்ணில் சொல்லும். இன்னொரு கையில், ஓட்டை இருந்தால் குமிழி விட்டுக் காட்டும் சோப்புத் தண்ணீர்ப் புட்டி. தோளில் ஒரு பை. பைக்குள் நீல அட்டை போட்ட பதிவேடு. தினமும் எங்கள் தெருவில் தொடங்கி ஊரெல்லாம், இப்படி இருபத்தேழு வருடம் நடந்திருக்கிறார். அவர் நடந்த தூரத்தை நேராக நீட்டினால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம் என்று அவர் மனைவி சொல்வார். "சுத்தி வந்து இதே தெருவுலதான் நின்னிருப்பார்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை வாயுவுக்கு இயற்கையில் எந்த வாடையும் கிடையாது. கசிந்தால் மனிதனுக்குத் தெரிய வேண்டுமே என்று நிறுவனமே அழுகிய முட்டை நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறது. ஆக, பெயர் இயற்கை, நாற்றம் செயற்கை. தன் சரக்கு நாறும் என்று தானே ஊரறியச் சொல்லி விற்கிற நேர்மையான வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் என்பது மோப்பத்தின் கருத்து. அந்த நேர்மையில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. அவருடைய அப்பா மருத்துவமனைக் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். வீட்டுக்கு வந்து குளித்தால் முதல் வாளி கறுப்பாக ஓடும், இரண்டாவது வாளி சாம்பல் நிறத்தில் ஓடும், மூன்றாவது வாளிக்குத் தண்ணீர் இருக்காது. மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் எடுக்கும்போது வேறு யாருடைய சட்டையோ என்று தோன்றும். அப்பா இருமினால் பக்கத்து வீட்டில் தட்டு அதிரும். மோப்பத்துக்கு இருபது வயது ஆனபோது ஊருக்குள் வாயுக் குழாய் வந்தது. கொதிகலனில் கரிக்குப் பதில் நீலச் சுடர் எரிந்தது. ஒரே வருடத்தில் சட்டை வெள்ளையாகவே காய்ந்தது. அப்பாவின் இருமல் மட்டும் நிற்கவில்லை. அது ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கொதிகலன் அறையில் வேலைக்குச் சேர்ந்த யாரும் அப்படி இருமவில்லை. மோப்பம் அதைத் தன் கண்ணால் பார்த்தார். மறுவருடமே நிறுவனத்தில் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அவர் வாயுவின் தூதர். பள்ளிகளில் பேசினார், குடியிருப்போர் கூட்டங்களில் பேசினார், யாரும் கேட்காத இடங்களிலும் பேசினார். "கரி எரிஞ்சா வர்ற புகைல இதுக்குப் பாதிதாங்க கணக்கு. கரித்தூள் கிடையாது, சாம்பல் கிடையாது. சுத்தம்!" என்பார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எரிந்த வாயுவைப் பற்றி அவர் சொன்ன எல்லாமே உண்மை. எரியாத வாயுவைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எரியாத வாயுவுக்குத்தான் அந்த நீலப் பதிவேடு. அதில் கசிவுகள் மூன்று வகுப்பு. முதல் வகுப்பு என்றால் வீட்டுச் சுவர் ஓரம், தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம், அன்றைக்கே தோண்டு. இரண்டாம் வகுப்பு என்றால் ஆறு மாதத்துக்குள் தோண்டு. மூன்றாம் வகுப்பு திறந்தவெளி. வீட்டுக்குள் போகாது, வெடிக்காது, காற்றோடு காற்றாக மேலே போய்விடும். தோண்ட வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, தேதி போட்டு, எதிரே "நலம்" என்று எழுதிவிட்டு வரலாம். கசிவு நலமாக இருக்கிறது என்று பொருள். உலகத்தில் நோயாளியை விட்டுவிட்டு நோயை நலம் விசாரிக்கும் வழக்கம் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

திறந்தவெளிக்கு முகவரி வேண்டுமே? எங்கள் தெருவில் நடைபாதையை ஒட்டி நாற்பது மரங்கள். அவற்றின் அடியிலேயே பழைய இரும்புக் குழாய் ஓடுகிறது. பூங்காத் துறைக்காரர்கள் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தார்கள். வாயு நிறுவனத்துக்காரர்கள் அதையே இரவல் வாங்கிக்கொண்டார்கள். மரம் ஒன்பதின் அடி, மரம் பதினேழின் அடி என்று பதிவேட்டில் ஏறியது. மரம் நகராது என்பதால் இதைவிட நல்ல முகவரி கிடையாது.

இருபத்தேழு வருடப் பழக்கத்தில் மோப்பம் கசிவுகளுக்குச் செல்லப்பெயரும் வைத்திருந்தார். பன்னிரண்டாம் மரத்தடியில் இருப்பது "மாமியார்". பதினொரு வருடமாக வாய் ஓயவில்லை. முப்பத்தொன்று "விருந்தாளி". வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, ஆனால் இருப்பார். இருபத்தாறு "கடைக்குட்டி". மூன்று வருடத்துக்கு முன்பு புதிய அடுக்குமாடிகளுக்காகக் குழாயில் அழுத்தத்தைக் கூட்டினார்கள். அப்போது எல்லாக் கசிவுகளும் கொஞ்சம் சதை போட்டன. மோப்பம் அதையும் கவனித்தார். புதிய எண்ணை எழுதி, எதிரே நலம் என்று போட்டார்.

அந்த மூன்று வருடத்தில்தான் தெருவில் மரங்கள் சாகத் தொடங்கின.

முதலில் உச்சி இலைகள் மஞ்சளாகும். பிறகு கிளை நுனி காயும். பிறகு பட்டை உரியும். ஒரு நாள் பூங்காத் துறை ரம்பத்தோடு வரும். இப்படிப் பதினான்கு மரங்கள். நிழல் போனது, பேருந்துக்கு நிற்பவர்களின் பொறுமை போனது. குடியிருப்போர் சங்கத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் ஆள் வேண்டும். ஆள் தயாராக இருந்தார். தெருவின் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு, பூங்காத் துறைத் தோட்டக்காரருடையது. அவர் வேறு யாருமில்லை, மோப்பத்தின் மனைவிக்கு ஒரே தம்பி.

தோட்டக்காரர் உழைப்பாளிதான். ஆனால் அவருக்கு எந்நேரமும் கொட்டாவி வரும், அது முகத்தின் அமைப்பு. மோப்பம் இதை வைத்து டீக்கடையில் ஒரு நாள், "என் மச்சான் மரத்துக்கு விடுற தண்ணியைவிட வாயால விடுற கொட்டாவி அதிகம். மரம் தாகத்துல சாகல, தூக்கத்துல சாகுது" என்று சொல்லிவைத்தார். கடை முழுக்கச் சிரித்தது. சங்கத்துச் செயலாளரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் அதை அப்படியே புகார் மனுவில் எழுதிவிட்டார், சொன்னவர் யார் என்பதோடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. வந்தவர் உட்காரவில்லை. மோப்பம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி, சோப்புப் புட்டியின் மூக்கை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, நீங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"ஏன் மச்சான், என்ன ஆச்சு?"

"புதன்கிழமை விசாரணை. பதினாலு மரத்தை நான் தண்ணி ஊத்தாம கொன்னுட்டேனாம். உண்மைன்னு ஆச்சுன்னா வேலை காலி. சாட்சி யார் தெரியுமா? தினமும் அந்தத் தெருவுல நடக்கிற நடுநிலையான மனுஷராம். நீங்க!"

சமையலறையிலிருந்து மனைவி வந்தார். "நடுநிலையா? இவரா? கல்யாணப் பந்தியிலகூட ரெண்டு வீட்டுப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிடற ஆளு."

"அக்கா, நீ சும்மா இரு. ரெண்டு பொண்ணு படிக்குது. வேலை போனா நான் யார்கிட்ட போய் நிப்பேன்? எனக்குத் தெரிஞ்சது மரம் மட்டும்தான்."

மோப்பத்தின் முகம் தொங்கிப்போனது. விளையாட்டாகச் சொன்னது வினையாகும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தார். "சரி, உட்காரு. நான் போய் நீ தண்ணி ஊத்தினேன்னு சொல்லிடறேன். என்ன எழுதியிருக்கான், படி."

தோட்டக்காரர் படித்தார். "கீழ்க்கண்ட எண்ணுள்ள மரங்கள் பராமரிப்பின்மையால் பட்டுப்போயின. மூணு, நாலு, ஒன்பது, பன்னிரண்டு..."

மோப்பம் ஊசியை நிறுத்தினார்.

"...பதினேழு, பதினெட்டு..."

"இருபத்திரெண்டு" என்றார் மோப்பம்.

தோட்டக்காரர் தாளைப் பார்த்தார். "ஆமா, இருபத்திரெண்டு. அப்புறம்..."

"இருபத்திமூணு. இருபத்தாறு. முப்பத்தொண்ணு."

தோட்டக்காரரின் விரல் தாளில் எண்ணுக்கு எண் நகர்ந்தது. "மாமா, இந்தக் கடுதாசியை நீங்க எப்ப பார்த்தீங்க?"

"முப்பத்திமூணு, முப்பத்திநாலு, முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது."

"நான் இன்னும் உறையை யாருக்கும் காட்டலையே!"

மோப்பம் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மனைவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் குடிக்கவில்லை. எழுந்து, பையிலிருந்து நீலப் பதிவேட்டை எடுத்து, எங்கள் தெருவின் பக்கத்தைத் திறந்து, தோட்டக்காரரின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு துறை, இரண்டு கையெழுத்து, இரண்டு பட்டியல். செத்த மரங்களின் எண் ஒவ்வொன்றும் இரண்டிலும் இருந்தது. ஒன்றில் எல்லாம் செத்துப்போயிருந்தன. இன்னொன்றில் எல்லாம் நலம்.

மனைவிதான் முதலில் கேட்டார். "அப்ப நான் அடுப்பைப் பத்தவைக்கிறப்ப, எரியறது போக மிச்சம் இந்த மரங்களுக்கா?"

"மாமா" என்றார் தோட்டக்காரர். "உங்க புத்தகத்துல பதினாறு இருக்கு. என்கிட்ட பதினாலுதான். அந்த ரெண்டு எது?"

"இருபத்தேழு. முப்பத்தாறு. ரெண்டும் இன்னும் வெட்டாம நிக்குதேன்னு விட்டுட்டேன்."

தோட்டக்காரர் கண்ணை மூடினார். "இருபத்தேழுல உச்சி போன வாரம்தான் மஞ்சளாச்சு. நான் கூடுதலா நாலு வாளி ஊத்தினேன்."

அரை மணி நேரத்தில் மூவரும் இருபத்தேழாம் மரத்தடியில் நின்றார்கள். மோப்பத்திடம் ஒரு நீளமான இரும்புக் கம்பி உண்டு. அதை மண்ணில் இறக்கி ஓட்டை போட்டு, பெட்டியின் குழாயை உள்ளே விட்டால் மண்ணுக்குள் இருக்கும் காற்றின் கணக்குத் தெரியும். ஆயிரம் தடவை அதைச் செய்திருக்கிறார், எல்லாம் சுவர் ஓரத்தில். மரத்தடியில் ஒரு தடவைகூட இல்லை. விதியில் அப்படி இல்லை. மரத்துக்கு வரவேற்பறையா இருக்கிறது, தீக்குச்சியா இருக்கிறது, வெடிப்பதற்கு?

கம்பியை வேருக்குப் பக்கத்தில் இறக்கினார். குழாயை விட்டார். பெட்டியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"என்ன மாமா சொல்லுது?"

"மண்ணுக்குள்ள இருக்கற காத்துல பாதிக்கு மேல வாயு."

"மீதி?"

"மீதி என்னவோ. வேர் மூச்சு விடறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

தோட்டக்காரர் மரத்தின் மேல் கையை வைத்தார். "நான் மூணு வருஷமா, கழுத்து நெரிபட்டுக்கிட்டு இருக்கறவனுக்குத் தண்ணி குடு, தண்ணி குடுன்னு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அப்போது அவருக்குக் கொட்டாவி வரவில்லை.

திங்கட்கிழமை காலை மோப்பம் தன் மேற்பார்வையாளர் அறைக்குப் போனார். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னார். மேற்பார்வையாளர் எழுந்து கதவைச் சாத்தினார். யோசித்துவிட்டு ஜன்னலையும் சாத்தினார்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திக்குங்க. மூணாம் வகுப்புல இருக்கறது கசிவே இல்ல."

"பின்ன என்ன சார்?"

"கவனிக்கப்படும் நிலை. வெடிக்குமா?"

"வெடிக்காது சார்."

"வீட்டுக்குள்ள போகுமா?"

"போகாது சார்."

"அப்ப எங்க போகுது?"

"கொஞ்சம் வேருக்கு. மிச்சம் மேல."

"மேல நம்ம பராமரிப்பு எல்லைக்குள்ள வருதா?"

வானத்தின் பராமரிப்பு யாருடையது என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, உங்களுக்கு அடுத்த மாசம் விபத்தில்லாச் சேவைக் கேடயம். பேரெல்லாம் பொறிச்சாச்சு. விசாரணைல தண்ணி ஊத்தினானா இல்லையான்னு கேட்பாங்க. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பதிவேடு நிறுவனச் சொத்து. வெளிய போகக் கூடாது. இங்க வெச்சுட்டுப் போங்க."

மோப்பம் விதியை மீறி அறியாதவர். பதிவேட்டை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மச்சானுக்குப் பரிந்து பேசினால், மாமா பேசத்தானே செய்வார் என்பார்கள். உண்மையைச் சொன்னால் நிறுவனம் சும்மா விடாது. பேசாமல் இருந்தால் தான் நலம் என்று எழுதிய கொலைகளுக்காக இன்னொருவர் வேலை போகும். வேலி பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மேய்ந்துவிட்டு, பயிருக்குக் காவல் இருந்தவனையே திருடன் என்று காட்டிக்கொடுப்பதற்கு இன்னும் பழமொழி ஏற்படவில்லை.

புதன்கிழமை விசாரணை பூங்காத் துறை அலுவலகத்தில், ஒரு நீள மேஜையில் நடந்தது. நடுவில் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் சங்கத்துச் செயலாளர். இன்னொரு பக்கம் கல்லூரியில் மண் பாடம் நடத்தும் பேராசிரியை. மரம் செத்த காரணத்தைச் சொல்ல அவரை அழைத்திருந்தார்கள். எதிரே தோட்டக்காரர், நாற்காலியின் நுனியில். சுவர் ஓரம் அவருடைய அக்கா. அவரை யாரும் அழைக்கவில்லை, ஆனால் போகச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதிகாரி மோப்பத்தைப் பார்த்தார். "நீங்க தினமும் அந்தத் தெருவுல நடக்கறவர். தோட்டக்காரர் தண்ணி ஊத்தினாரா?"

"ஊத்தினார் சார்."

"அப்ப டீக்கடைல சொன்னது?"

"அது கொழுப்பு சார்."

செயலாளர் இருமினார். அதிகாரி எழுதிக்கொண்டார். "சரி, நீங்க போகலாம்."

இங்கேதான் மோப்பம் எழுந்து போயிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் சொன்னபடி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அவர் எழுந்தார். ஆனால் போகவில்லை.

"சார், மரத்தைக் கொன்னது யார்னு நீங்க கேக்கவே இல்லையே."

"தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான்."

மேஜை முழுக்கத் தலை நிமிர்ந்தது. தோட்டக்காரர் பாதி எழுந்துவிட்டார். சங்கத்துச் செயலாளர் பேனாவைக் கீழே போட்டார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் யாரும் தானாக ஒப்புக்கொண்டதில்லை போலிருக்கிறது.

மோப்பம் பதிவேடு இல்லாமலே ஒப்பித்தார். மரத்தின் எண், கசிவு தொடங்கிய வருடம், கடைசியாகப் பார்த்த எண். "மூணாம் நம்பர், எட்டு வருஷம். நாலு, எட்டு வருஷம். ஒன்பது, ஆறு. பன்னிரண்டு மாமியார் சார், பதினொரு வருஷமா..."

"யாரோட மாமியார்?" என்றார் அதிகாரி, எழுதுவதை நிறுத்தி.

"பொதுவான மாமியார் சார். கசிவுக்குப் பேரு."

"என் அம்மாவைத்தான் சொல்றார், எழுதிக்குங்க" என்றது சுவர் ஓரத்துக் குரல்.

ஒப்பித்து முடித்ததும் அதிகாரி பேனாவை மூடினார். "நீங்க குற்றம் சாட்டப்பட்டவருக்கு அக்கா புருஷன். மச்சானைக் காப்பாத்த மாமா என்ன வேணும்னாலும் சொல்லலாம். பட்டியலை வீட்டுலயே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கலாம்."

"உங்க பட்டியல்ல இல்லாத ரெண்டு நம்பர் சொல்றேன் சார். இருபத்தேழு, முப்பத்தாறு. ரெண்டும் இன்னும் உயிரோட இருக்கு. சாகப்போகுது."

பேராசிரியை அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார். "போய்ப் பார்த்துடலாமே."

ஒட்டுமொத்த விசாரணையும் இரண்டு காரில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்தது. பேராசிரியை முப்பத்தாறாம் மரத்தடியில் மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை எடுத்தார். மேலே பழுப்பாக இருந்த மண் ஒரு சாண் கீழே சாம்பல் கறுப்பாக இருந்தது. அதைக் கையில் பிசைந்தார், மோந்தார். தன் சொந்த அளவுக் கருவியை ஓட்டையில் விட்டார். எடுத்துத் துடைத்து, இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

"இங்க வேருக்கு மூச்சே இல்ல. இது எத்தனை வருஷம்?"

"நாலு வருஷம் மேடம். நலம்னு எழுதியிருக்கேன்."

"இந்த ஊர்ல மொத்தம் எத்தனை தெரு?"

"என் பொறுப்புல மட்டும் முன்னூத்தி இருபது."

"எல்லாத்துலயும் மூணாம் வகுப்பு இருக்கா?"

"குறைஞ்சது ரெண்டு மூணு. பழைய குழாய் இருந்தா இந்த மாதிரி."

பேராசிரியை நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளைப் புடவை மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல். பிறகு சொன்னார்: "மரம் போனது சின்ன நஷ்டம். எரிஞ்ச வாயு கரியைவிடப் பாதிதான் கெடுதல், எங்க கல்லூரிலகூட வந்து நீங்க சொன்னது சரிதான். ஆனா எரியாம மேல போற வாயு இருக்கே, அது எரிஞ்சு வர்ற புகையைவிட, இருபது வருஷக் கணக்குல பார்த்தா, எடைக்கு எடை எண்பது மடங்கு சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். கிணத்துலேர்ந்து அடுப்பு வரைக்கும் நூத்துக்கு மூணோ நாலோ பங்கு கசிஞ்சா போதும். கரியை விட்டுட்டு வாயுவுக்கு வந்த லாபம் அத்தனையும் கரைஞ்சுடும்."

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பில்லாததே குற்றமாக இருந்தது.

"எண்பது மடங்கா?" என்றார் மோப்பம். "அப்ப எங்கப்பாவோட கரியைவிட..."

பேராசிரியை அவசரமாகச் சொன்னார். "அப்படி இல்ல. கரிப் புகையால நுரையீரல் கெட்டது உண்மை. வாயுவால அது நின்னதும் உண்மை. ஓட்டையை அடைச்சா, அடுத்த நல்ல வழி வர்ற வரைக்கும் வாயு கரியைவிட மேல். அடைக்காம விட்டா இல்ல. அவ்வளவுதான் விஷயம். அடைக்கிறதுக்கு முதல்ல யாராவது எண்ணணும்."

"எண்ணினேனே மேடம்" என்றார் மோப்பம். "இருபத்தேழு வருஷம் ஒண்ணு விடாம எண்ணினேனே."

சங்கத்துச் செயலாளர் மரத்தைப் பார்ப்பது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோட்டக்காரர் மீது குற்றம் இல்லை என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தார்கள். அவர் வேலை தப்பியது. வாங்கின கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, அக்காவிடம் கொடுத்து நான்காவது தடவை படிக்கச் சொன்னார். விசாரணை அறிக்கை போன வேகத்தில் வாயு நிறுவனம் எங்கள் தெருவில் பதினாறு குழியையும் தோண்டி, பதினாறு ஓட்டையையும் அடைத்தது. முப்பத்தாறாம் மரம் அதற்குள் போய்விட்டது. இருபத்தேழு பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. மோப்பத்துக்குக் கேடயமும் கிடைத்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை அல்லவா? பதிவேட்டின்படி இன்றுவரை நடக்கவில்லை.

மற்ற முன்னூற்றுப் பத்தொன்பது தெருக்கள் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஒரு மாதம் கழித்து நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நடவடிக்கை எடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து பிரித்தார். அதில் இருந்தது இதுதான்: "மரங்கள் காலப்போக்கில் பட்டுப்போகும் தன்மையுடையவை என்பதால், அவற்றை நிலையான அடையாளமாகக் கருத இயலாது. இனி மூன்றாம் வகுப்புப் பதிவுகள் அனைத்தும் அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணாலேயே குறிக்கப்பட வேண்டும்."

மோப்பம் அதை இரண்டு தடவை படித்தார். விளக்குக் கம்பம் பட்டுப்போகாது, மஞ்சளாகாது. பூங்காத் துறையின் எந்தப் பட்டியலோடும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. அதைத் தலைமையகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கொட்டாவி விடாமல் யோசித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். தோட்டக்காரர் படித்தார். அவருக்குக் கோபம் மெதுவாக வரும், ஆனால் வந்தால் ஆளே வேறு மாதிரி.

"மாமா, உங்க புத்தகத்துல எந்த எண்ணை எழுதறதுன்னு உங்க ஆபீஸ் சொல்லும். சரி. மரத்துல எந்த எண்ணை எழுதறதுன்னு யார் சொல்லணும்?"

"உங்க துறை."

"எங்க துறைல இந்தப் பகுதிக்கு யாரு?"

"நீதான் மச்சான்."

தோட்டக்காரர் உள்ளே போய் வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். "விளக்குக் கம்பத்து எண்ணை நீங்க படிங்க. அதுக்குப் பக்கத்துல நிக்கற மரத்துல நான் எழுதறேன். ரெண்டும் ஒரே எண்ணா இருந்தா உங்க புத்தகமும் எங்க பட்டியலும் மறுபடி பொருந்தும், யாரும் குத்தம் சொல்ல முடியாதில்ல?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு மோப்பம் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் நுழைந்தார். பின்னால் தூரிகையோடு தோட்டக்காரர். மோப்பம் கம்பத்தைப் பார்த்து எண்ணைப் படித்தார், தோட்டக்காரர் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் நிமிர்ந்து பார்த்தார். மாலைக்குள் மூன்று தெரு, எண்பத்தொரு மரம் முடிந்தது. அவற்றில் பத்தொன்பதின் உச்சி ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது.